சுருளிவேலின் ஒற்றை நாடா

சுவரை மூன்று தடவை தட்டினால் நான் தையல் மெஷினை நிறுத்த வேண்டும். ஒரு தடவை தட்டினால் மறுபடி ஓட்டலாம். ஐம்பத்தேழாம் வருஷம் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் எனக்கும் பக்கத்துக் கடை சுருளிவேலுக்கும் இருந்த ஏற்பாடு அது. அந்த இரண்டு தட்டலுக்கும் நடுவில் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள் பாடுவாள். நான் சத்தம் வராத வேலையாகக் கையால் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நடந்ததில் பாதியைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவன் நான்தான். அதில் என் தப்பும் கொஞ்சம் இருக்கிறது. வெளியே சொன்னால் மனசு ஆறுமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

சுருளிவேலுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. போடியில் எங்கள் சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். மதுரையில் ஒரு கடையில் ஆறு வருஷம் இருந்து தொழில் கற்றவன். பஞ்சாயத்து ரேடியோ, ஏலக்காய் வியாபாரிகள் வீட்டு ரேடியோ, மலைமேல் எஸ்டேட் பங்களா ரேடியோ எல்லாம் அவன் கைக்குத்தான் வரும். ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. எதையும் அரைகுறையாக விடமாட்டான். செட்டில் லேசாகக் கரகரப்பு இருந்தால்கூட, உரியவர் வாசலில் நின்று "போதும்ப்பா, குடு, செய்தி கேக்கணும்" என்று கெஞ்சினாலும் கொடுக்கமாட்டான். நாளைக்கு வாருங்கள் என்பான். அந்தக் குணத்தை நாங்கள் பெருமையாகத்தான் பேசிக்கொண்டோம்.

ஒச்சம்மாள் அவனுக்குத் தாய்மாமன் மகள், பக்கத்து ஊரான சிலமலைக்காரி. கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறையும் சமையல்கட்டுமாகக் குடித்தனம். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோர் இருந்தது. அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காயைச் சொளகில் போட்டுப் புடைத்து, காம்பு கிள்ளி, பெருசு சிறுசு பார்த்து ரகம் பிரிப்பார்கள். ஒச்சம்மாளும் அதில் ஒருத்தி. பாட்டு அவள் யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. கையில் சொளகு ஆடினால் வாயில் பாட்டு வரும். பாதி அவள் ஊரில் கேட்டது, பாதி அந்த நேரத்துக்கு அவளே கட்டுவது. ஸ்டோரில் அவர்களை மேய்க்கிற ஆயம்மாள் கண்டிப்புக்காரி. அவளே "ஏ ஒச்சு, என்னடி ஊமையா உக்காந்திருக்க? வேலை நகர மாட்டேங்குது" என்று கேட்பாள். பாட்டு சுவர் தாண்டி எங்கள் கடைகளுக்கு வரும். நான் மெஷின் மிதிக்கிற வேகம்கூட அதற்குத் தகுந்தபடி மாறும்.

ஐம்பத்தாறு கார்த்திகையில் குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பிப் போகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். பங்களா ரேடியோவைப் பார்க்கப் போன சுருளியிடம், மூலையில் கிடந்த ஒரு பெட்டியைக் காட்டி, "ஓடாது, வேணும்னா கூலிக்குப் பதிலா இதை எடுத்துக்கோ" என்றாராம். அது டேப்பு ரிக்கார்டர். இவன் மதுரையில் தூரத்தில் இருந்து பார்த்த சாமான். குரங்கணி வரைக்கும் தலைச்சுமையாகத் தூக்கி வந்து, அங்கிருந்து ஏலக்காய் லோடு ஏற்றின ஜீப்பில் மூட்டைகளுக்கு மேலே ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டே போடி வந்து இறங்கினான். உடம்பெல்லாம் ஏலக்காய் வாசம். "மொக்கையண்ணே, இங்க வந்து பாருங்க" என்று அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

ஓடாததற்குக் காரணம் பெல்ட் அறுந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அந்த பெல்ட் நம் பக்கம் எங்கே கிடைக்கும்? முதலில் நான் கான்வாஸ் துணியில் ஒன்று தைத்துக் கொடுத்தேன். தையல் போட்ட இடம் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் குரல் விக்கியது. அப்புறம் சைக்கிள் டியூபில் வளையம் கத்தரித்துப் போட்டான். இரண்டு நாளில் இழுபட்டுத் தொங்கிவிட்டது. கடைசியில் பழைய லாரி டியூபில் நூல் பிடித்து அளந்து, பிளேடால் ஒரே சீராக அறுத்தெடுத்த வளையம்தான் நின்றது. மைக்கும் இல்லை. பழைய ரேடியோவில் இருந்து கழற்றின சின்ன ஸ்பீக்கர் ஒன்றையே மைக்காக மாற்றினான். "சொல்லுறதும் இதுதான், கேக்குறதும் இதுதான்ணே. கம்பியை மாத்திக் கொடுத்தாப் போதும்" என்றான். உம்மென்று ஓர் இரைச்சல் இருந்தது. கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, செம்புக் கம்பி இறக்கி எர்த்து கொடுத்ததும் அதுவும் அடங்கிவிட்டது.

நாடா மட்டும் ஒன்றே ஒன்று. துரை விட்டுவிட்டுப் போனதில் நல்லதாகத் தேறியது எட்டு நிமிஷம் ஓடும். அதிலும் அறுந்த இடங்களைச் சாய்வாக வெட்டிச் சேர்த்து ஒட்டியிருந்தான். புது நாடா வேண்டுமானால் மெட்ராசில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். அது அவனால் ஆகிற காரியம் இல்லை. ஒன்றைப் பதிந்து, அதன்மேல் இன்னொன்றைப் பதிந்தால் முதலில் இருந்தது போய்விடும். இதை அவன் எனக்கு அப்போதே விளக்கிச் சொன்னான். எனக்குத்தான் உறைக்கவில்லை.

தை மாதம் ஒருநாள் காலையில் ஸ்டோரில் வெள்ளையடித்தார்கள். ஆயம்மாள் நாலைந்து பெண்களோடு சொளகை எடுத்துக்கொண்டு சுருளி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். சுருளி ஸ்பீக்கரை ஒரு மரப்பெட்டிமேல் வைத்தான். "ஏ புள்ள, நீ பாட்டுக்குப் பாடு. இந்தப் பக்கம் பாக்காத" என்றான். ஒச்சம்மாள் வெட்கப்பட்டாள். கொஞ்ச நேரத்தில் கை வேலையில் இறங்கியதும் மறந்துவிட்டாள்.

"பச்சக்காயி நான் பறிக்கப் பனி வந்து மறைக்குதடி,
பாதை தெரியலையே பாவிமகன் எங்கிருக்கான்?"

மற்ற பெண்கள் "எங்கிருக்கான்? எங்கிருக்கான்?" என்று எதிர்ப்பாட்டுப் பாட, ஆயம்மாள், "ரேடியோப் பொட்டிக்குள்ள ஒக்காந்திருக்கான்டி!" என்று ஒரு போடு போட்டாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஒச்சம்மாள் சிரித்துக்கொண்டே அடுத்த வரியை எடுத்தாள். சிரிப்பும் பாட்டும் ஒன்றாக வந்தது. இடையில் மெயின் ரோட்டில் ஒரு பஸ்சு ஹாரன் அடித்தது. ஒரு கோழி கொக்கரித்தது. என் மெஷின் ஓடியது.

போட்டுக் காட்டினான். பெட்டியில் இருந்து தன் குரல் வந்ததும் ஒச்சம்மாள் சொளகைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆத்தாடி, இது நானா?" என்றாள். முடிந்ததும், "மாமா, இன்னொருக்கா போடுங்க" என்றாள். நாலு தடவை போட்டான். அப்புறம் பத்துப் பதினைந்து நாளைக்குச் சந்தில் யார் வந்தாலும் அதைக் கேட்காமல் போவதில்லை. அந்த ஹாரன் வருகிற இடத்தில் எல்லாரும் முன்கூட்டியே "பாம்" என்பார்கள். அவள் முகத்தில் அந்த நாட்களில் இருந்த களையை நான் பிறகு பார்க்கவே இல்லை.

மாசியில் சுருளி வால்வு வாங்க மதுரைக்குப் போனான். அங்கே இசைத்தட்டு விற்கிற ஒருவர் இவனுக்குப் பழக்கம். பேச்சுவாக்கில் இந்த விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். பெட்டி இவன் கையில் இல்லை, வாயால்தான் சொன்னான். அவர் கேட்டுவிட்டு, "வைகாசில மெட்ராஸ் தட்டுக் கம்பெனி ஆளு ஒருத்தர் இங்க வர்றாரு. நாட்டுப்பாட்டு பாடுறவுக யாராச்சும் இருக்காகளான்னு விசாரிச்சாரு. நீங்க நாடாவோட வாங்க, போட்டுக் காமிப்போம். ஆனா ஹாரன், கோழி எல்லாம் இல்லாம சுத்தமா எடுத்துட்டு வாங்க தம்பி" என்றாராம்.

சுருளி திரும்பி வந்தபோது அவன் நடையே வேறாக இருந்தது. ஒச்சம்மாளும் சந்தோஷப்பட்டாள், இல்லையென்று சொல்லமாட்டேன். "என் குரலு தட்டுல வருமாண்ணே?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள்.

முதல் வேலையாக அந்த நாடாவை அழிக்கப் போனான். நான் அப்போது அங்கேதான் நின்றேன்.

"ஏப்பா சுருளி, இதை வச்சுக்கிடலாமே" என்றேன்.

"நாடா ஒண்ணுதான்ணே இருக்கு. இது சும்மா சோதனைக்கு எடுத்தது. இதைவிட நூறு மடங்கு நல்லா எடுத்துருவோம்."

நான் அதற்குமேல் பேசவில்லை. இரண்டு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் அந்த ஒற்றை அறையை அவன் மாற்றின விதம் பார்க்கப் பெரிய காரியமாகத்தான் இருந்தது. போடியில் பங்குனி என்றால் இலவம்பஞ்சுக் காலம். பஞ்சுக் குடோனில் ரேடியோ பார்த்துக் கொடுத்த பழக்கத்தில் பத்துப் பஞ்சு மூட்டைகளை இரவல் வாங்கிவந்து, நாலு சுவரிலும் அடுக்கிவிட்டான். சுவரில் பட்டு எதிரொலிக்கிற சத்தம் அதோடு நின்றது. உள்ளே போய் நாம் பேசினால் நம் குரல் நமக்கே யாரோ மாதிரி கேட்கும். ஜன்னலுக்குக் கம்பளி. ஸ்பீக்கர் மைக்கை மேஜையில் வைத்தால் தரை அதிர்வு ஏறுகிறது என்று, நாலு பக்கமும் சைக்கிள் டியூப் கட்டி அந்தரத்தில் தொங்கவிட்டான். சாயங்காலம் ஊர் பூராவும் விளக்குப் போட்டதும் கரண்டு இறங்கும், சக்கரம் மந்தமாகும், பாட்டின் வேகம் மாறிவிடும். அதனால் உச்சி வெயில் நேரத்தில்தான் பதிவு. இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை.

அந்த அடைத்த அறைக்குள் சித்திரை வெயிலில் ஒச்சம்மாள் உட்கார்ந்தாள்.

முதல் நாளே கண்ணாடி வளையல் சத்தம் விழுகிறது என்று கழற்றச் சொன்னான். கழற்றினாள். மறுநாள் சொளகு சத்தம் வேண்டாம் என்றான். "கைய மடியில வச்சுக்கிட்டுச் சும்மா பாடு புள்ள."

"கை சும்மா இருந்தா எனக்கு அடி பிடிபட மாட்டேங்குது மாமா."

"பழகிக்கிரலாம்."

சுவர் வழியாக எனக்கு இதெல்லாம் கேட்கும். பாதிப் பாட்டில் நிறுத்துவான். "மூச்சு வாங்குறது கேக்குது." மறுபடி. "சேலை உரசுது." மறுபடி. பஞ்சுத் தூசி தொண்டையில் போய் அவள் இருமுவாள். மறுபடி. ஒவ்வொரு தடவையும் முன்னால் பாடினதன்மேலேயே புதுசைப் பதிந்தான்.

அப்புறம் 'ப' வந்தது. 'பச்சக்காயி', 'பனி', 'பாதை', 'பாவிமகன்' என்று அந்த எழுத்து வருகிற இடத்தில் எல்லாம் அவள் வாய்க்காற்று மைக்கில் மோதி 'டப்' என்று அடித்தது. தள்ளி உட்காரச் சொன்னால் குரல் தூரத்தில் போனது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அந்த வார்த்தையை மாத்திப் பாடு" என்றான்.

"எதை மாத்த?"

"பச்சக்காயிங்கிறதுக்கு ஏலக்காயின்னு வச்சுக்க. பனிக்கு மேகம். பாவிமகன் வேணாம், எம்மகராசன்னு பாடு."

மாற்றின வரியை ஒருக்கா முணுமுணுத்துப் பார்த்தாள். அப்புறம் ஒச்சம்மாள் சொன்னாள். "பாவிமகன்னு திட்டுறதுதான மாமா அந்தப் பாட்டு? மகராசன்னு சொன்னா அவ என்னத்துக்குத் தேடுறா?"

"கம்பெனிக்காரருக்குத் திட்டெல்லாம் எதுக்கு? சொன்னதைப் பாடு."

பாடினாள். சொன்னபடியே பாடினாள். நாள் ஆக ஆக அவன் சொல்வது குறைந்தது, அவள் தப்பு விடுவதும் குறைந்தது. ஸ்டோருக்கு அரைநாள்தான் போனாள். ஒருநாள் நான் ரவிக்கைத் துணி கொடுக்கப் போனபோது, அடுப்படியில் உட்கார்ந்து மெதுவாக எதையோ முனகிக்கொண்டிருந்தாள். பாதியில் சட்டென்று நிறுத்தி, மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. அவளாகவே நிறுத்தினாள்.

சித்திரை கடைசியில் எட்டு நிமிஷமும் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. சுருளி என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். உண்மையிலேயே கண்ணாடி மாதிரி இருந்தது. "எப்படிண்ணே?" என்றான். "சுத்தமா இருக்குப்பா" என்றேன்.  ஏதோ ஒன்று குறைந்தது. அது என்னவென்று தையல்காரன் நான் எப்படிச் சொல்வேன் என்று இருந்துவிட்டேன்.

வைகாசியில் நானும் சுருளியும் மதுரைக்கு ரயிலேறினோம். எனக்கு லைனிங் துணியும் நூல்கண்டும் வாங்க வேண்டியிருந்தது. உலகச் சண்டைக் காலத்தில் இரும்புக்காகப் பிடுங்கிப்போன தண்டவாளத்தை மறுபடி போட்டு, ரயில் ஓடத் தொடங்கி மூன்று நாலு வருஷம் இருக்கும். வழி நெடுக அவன் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை.

கம்பெனி ஆள் சாயங்காலம்தான் வருவார் என்று, கடைக்காரர் முதலில் தானே கேட்டுப் பார்த்தார். இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் கண்ணைத் திறந்துவிட்டார். முடிகிற வரைக்கும் பொறுமையாக இருந்தார்.

"தம்பி, எடுத்த விதத்துல குறை சொல்ல முடியாது. இந்தச் சாமான வச்சுக்கிட்டு இப்படி எடுத்திருக்கீங்கன்னா பெரிய விஷயம். ஆனா அந்தப் பொண்ணு யாருக்கோ பயந்துக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கே."

சுருளி நாடாவை முதலுக்குச் சுற்றத் தொடங்கினான்.

"முதல்ல ஒண்ணு எடுத்ததாச் சொன்னீங்களே, எல்லாரும் சிரிக்கிற மாதிரி. அது எங்க?"

"அதுமேலதான் இது இருக்கு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் ஹாரன் வேண்டாம்னுதான தம்பி சொன்னேன்" என்றார். அப்புறம், "ஏன் வார்த்தை எல்லாம் ஒரு தினுசா இருக்கு?" என்று கேட்டார். சுருளி 'ப' விஷயத்தைச் சொன்னான். "அடடா, வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல மெல்லிசா ஒரு மல்துணிய இழுத்துக் கட்டியிருந்தா அந்தக் காத்து அடங்கிப்போயிருக்குமே" என்றார் அவர்.

சுருளி திரும்பி என்னைப் பார்த்தான். என் கடையில் மல்துணி கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. பூத்தையல் போடுகிற வளையமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் முடிந்தது. ஒரு சுவர்தான் நடுவில்.

கம்பெனி ஆளுக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. மத்தியான ரயிலிலேயே திரும்பிவிட்டோம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும் வரைக்கும் அவன் பெட்டி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அப்புறம், "அவளை மறுபடி முதல்ல இருந்து பாட வச்சாச் சரியாப்போகும்ணே" என்றான்.

அன்றைக்கு வீட்டுக்குள் போனதும் ஒச்சம்மாள், "என்ன சொன்னாக மாமா?" என்று ஆசையாகக் கேட்டது எனக்குக் கேட்டது. அலைச்சலோ, அவமானமோ, பசியோ, எது அவன் வாயைத் திறந்துவிட்டதோ தெரியாது. "ஒன் பாட்டுல உசுரே இல்லேன்னுட்டாரு" என்றான்.

கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னது இவனுக்கு. இவன் அதை அவள் தலையில் போட்டுவிட்டான். பின்னால் எத்தனையோ தடவை அவன் என்னிடம், "அந்த ஒத்தை வார்த்தை மட்டும் நான் சொல்லாம இருந்திருந்தா" என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தியிருக்கிறான்.

 அன்றைக்கு அவள் சோறு எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் பஞ்சு மூட்டைகள் குடோனுக்குத் திரும்பின. ஒச்சம்மாள் வளையலைப் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். பாட்டு மட்டும் வரவில்லை. ஆனி போனது, ஆடி போனது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சொளகு சத்தம் மட்டும் வந்தது. ஆயம்மாள் ஒருநாள் என் கடை வாசலில் நின்று, "அவளுக்கு என்னாச்சு அப்பு? பாடச் சொன்னா, தொண்டை சரியில்லைங்கிறா. நாங்க பாடுனாலும் சேர்ந்து பாட மாட்டேங்கிறா" என்று கேட்டாள். சுருளி கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றான். கையில் இருந்த வால்வைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவன் அவளிடம் கேட்காமலும் இல்லை. "பழையபடி பாடு புள்ள, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று எத்தனையோ விதமாகச் சொன்னான். ஒருநாள் அவள் சொன்னாள். "பழையபடி எப்படிப் பாடுனேன்னு எனக்குத் தெரியல மாமா. வாயத் தொறந்தா, நீங்க சொன்னதெல்லாம் ஒண்ணொண்ணா முன்னாடி வந்து நிக்குது." கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

இங்கேதான் நான் வருகிறேன். புரட்டாசியில் ஒருநாள், "நீ பக்கத்துல இருந்தாத்தானப்பா அவளுக்கு ஞாபகம் வருது? அவளுக்குத் தெரியாம ஸ்டோருக்குள்ள மைக்க வச்சுரு. ஆயம்மாகிட்டச் சொல்லி ஒரு பாட்டு எடுக்க வைப்போம். ஒருக்கா பழையபடி வந்துட்டா, அதைப் போட்டுக் காமிச்சா, அவளுக்கே தைரியம் வந்துரும்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவன் முதலில் தயங்கினான். அப்புறம் சம்மதித்தான். ஆயம்மாளும் சம்மதித்தாள்.

கொல்லைச் சுவர்மேல் கம்பி இழுத்து, ஸ்டோர் சாளரம் வழியாக இறக்கி, ஸ்பீக்கரை ஒரு காலிச் சாக்குக்குள் வைத்து, பெண்கள் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டோம். கம்பிமேல் இன்னொரு சாக்கு. வீட்டில் ரிக்கார்டரை ஓடவிட்டு, நானும் அவனும் காதில் மாட்டுகிற ஹெட்போன் குமிழை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டோம். காய் உருளுகிற சத்தம் கேட்டது. ஆயம்மாள் வேண்டுமென்றே ஒரு பாட்டைத் தப்பாகப் பாடினாள். பெண்கள் கேலி செய்தார்கள். "அப்படி இல்லக்கா அது" என்று ஒச்சம்மாள் திருத்தினாள். திருத்துகிற சாக்கில் ஒரு வரி. அப்புறம் அடுத்த வரி. சொளகு ஆடத் தொடங்கியது. குரல் ஏறியது.

சுருளியின் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாவது அடியில் பாட்டு நின்றது. ஏதோ இழுபடுகிற சத்தம், அப்புறம் கரகரவென்று ஓர் இரைச்சல், அப்புறம் ஒன்றுமே இல்லை. காய் கொட்டுவதற்கு அவள் அந்தக் காலிச் சாக்கை இழுத்திருக்கிறாள். சாக்கோடு கம்பியும் வந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு தெரு வழியாகச் சுற்றிக் கடை முன்னால் வந்து நின்றாள். அறுந்த கம்பி தரையில் இழுபட்டது. மேஜைமேல் வைத்தாள். "ஒங்க சாமான் மாமா. சாக்குல கெடந்துச்சு" என்றாள். என்னையும் பார்த்தாள். "நீங்களுமாண்ணே?" என்றாள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

சுருளி எழுந்து, "ஒச்சு, நான் எதுக்குச் செஞ்சேன்னா" என்று தொடங்கினான்.

"பதிஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

"அழிச்சிருங்க."

அவன் அவளையே பார்த்தான். அந்த மூன்றடிக்காக அவன் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பான், எனக்குத் தெரியும். ஆனாலும் நாடாவை முதலுக்குச் சுற்றி, அவள் கண்முன்னாலேயே மைக்கில்லாமல் வெறும் பதிவில் போட்டு ஓடவிட்டான். சக்கரம் சுற்றி முடிகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். அப்புறம் வேலைக்குத் திரும்பிப் போனாள்.

அந்த ரிக்கார்டரை மறுவருஷம் கம்பத்துப் பக்கம் ஒரு சவுண்டு செட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனார். அதே வருஷம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரியம்மாள் என்று அவன் அம்மா பேரை வைத்தார்கள். ஒச்சம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவாள். "ச்சூ, ச்சூ" என்பாள். தொட்டிலை ஆட்டுவாள். தாலாட்டு வராது. வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. அவனை மரியாதையாகத்தான் நடத்தினாள். எனக்கும் பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். சுருளிதான் கொஞ்சம் கொஞ்சமாக மாறினான். கரகரப்பு இருந்தாலும் பரவாயில்லை என்று செட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவான்.

ஐம்பத்தொன்பது ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கை அளவெடுக்க நான் சிலமலைக்குப் போனேன். ஒச்சம்மாள் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தது எனக்குத் தெரியும். ரோட்டில் இருந்து இறங்கி வரப்பு வழியாக நடந்தபோது, நிலக்கடலைக் காட்டில் பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் எழும்பியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒச்சம்மாள்தான். எனக்குத் தெரியாத பாட்டு. மற்றவர்கள் எதிர்ப்பாட்டுக் கொடுத்தார்கள். வேப்பமரத்துத் தொட்டிலில் குழந்தை கிடந்தது. வாய்க்கால் ஓரத்து மரத்துக்குப் பின்னாலேயே நின்று, அவர்கள் தண்ணி குடிக்க எழுந்திரிக்கிற வரைக்கும் கேட்டுவிட்டு, அளவெடுக்க வேறு வழியாகச் சுற்றிப் போனேன்.

சுருளியிடம் சொல்வதா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன்.

திருப்புளியைக் கீழே வைத்தான். "நெசமாவாண்ணே?"

"நெசமாத்தான்."

"சிரிச்சாளா?"

"நடுவுல ஒருக்கா சிரிச்சாப்பா."

திருப்புளியை மறுபடி எடுத்து, முறுக்கின ஆணியையே முறுக்கிக்கொண்டிருந்தான். நீயும் ஒருநாள் என்கூட வா, மரத்துக்குப் பின்னால் நின்று கேட்கலாம் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவனாகவே சொன்னான். "வேணாம்ணே. நான் போனா எப்படியும் தெரிஞ்சுபோகும். அதுவும் நின்னுரும்."

அதற்குப் பிறகு விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு என்று எந்த வேலை வந்தாலும் அவனே அவளிடம், "அண்ணன் வீட்டுல ஆள் பத்தாதுன்னாகளே, போய்ட்டு வாயேன், பத்து நாள் இருந்துட்டு வா" என்பான். அவள் ஏன் என்று கேட்டதில்லை. தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பத்து நாளும் அவனே சோறு பொங்கிக்கொள்வான், பாதி நாள் என் வீட்டில் சாப்பிடுவான்.

போன தை அறுப்புக்கும் அப்படித்தான் அனுப்பினான். நானும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருந்தேன். அவளை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, குழந்தையை மடியில் கொடுத்து, துணிமூட்டையை மேலே ஏற்றினான். கண்டக்டர், "நீங்க வரலையாண்ணே?" என்று கேட்டார்.

"இல்லப்பா, கடையில சோலி கெடக்கு" என்றான் சுருளி.

பஸ்சு கிளம்பிப் போன பிறகும் அங்கேயே நின்றான். கடையில் அன்றைக்கு ஒரு செட்டுகூட ரிப்பேருக்கு வந்திருக்கவில்லை.